பழைய துணி சுருங்காது

பிப்ரவரி 3, திங்கள்

இன்றைக்கு ஒரு சட்டைப் பையிலிருந்து பல் வந்தது. பொய்ப்பல். மேல்வரிசைக்கு நாலு, ரோஸ் கலர் ஈறோடு. கையை உள்ளே விட்டவன் நான். தூக்கி எறிந்துவிட்டுக் கத்தினேன். மெஷினில் இருந்த அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சட்டை எப்படி இருக்கு?" என்றாள்.

சட்டை நன்றாகத்தான் இருந்தது. நீலக் கோடு போட்டது, முதுகில் ஒரு பொத்தல்கூடக் கிடையாது. மூன்று வயசுக் கவுன் ஒன்று தாராளமாக வரும். பல்லைப் பேப்பரில் சுருட்டிக் குப்பையில் போட்டேன். அந்த ஆள் இப்போது எதை வைத்து மென்றுகொண்டிருக்கிறானோ.

படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இதுதான் மரியாதை. கல்லூரியை விட்டு வந்து படுத்தே கிடந்தபோது அண்ணன் சொன்னான், இந்த வீட்டில் சாப்பிடுகிறவன் இந்த வீட்டில் வேலை செய்யணும் என்று. இந்த வீட்டில் வேலை என்றால் பின்னறையில் அண்ணியின் தையல்தான். எவன் எவனோ போட்டுக் கழித்த துணியை மூட்டையாக வாங்கி, பிரித்து, குழந்தைகளுக்குக் கவுன், கால்சட்டை, பரிசு கொடுக்கத் துணிப்பொம்மை எல்லாம் தைக்கிறாள். பைகளைத் துழாவுவது, முகர்ந்து பார்ப்பது, துவைப்பது, தையலைப் பிரிப்பது நான். கத்தரிக்கோலும் மெஷினும் அவள்.

மூக்கு எனக்கு. பேர் அவளுக்கு.

பிப்ரவரி 4

நாலு தடவை சோப்புப் போட்டாயிற்று. விரலில் இன்னும் யாரோ இருக்கிறார்.

பிப்ரவரி 8, சனி

தொட்டித் தண்ணீர் டீ நிறத்தில் இறங்கியது. அதைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தால் அண்ணி டீயை நீட்டுகிறாள். வேண்டாம் என்றேன்.

நாற்றத்தில்தான் எத்தனை ரகம். அலமாரி நாற்றம், சிகரெட், நாய், தைலம். எல்லாவற்றுக்கும் அடியில் ஆள் நாற்றம். அது மட்டும் ஒரு தண்ணீரில் போகாது. அக்குள் பக்கத்தை வெட்டி எறிந்துவிடுவோம். தொங்கிப்போன எலாஸ்டிக்கையும். மற்றதெல்லாம் ஆகும். காலர் முயலுக்குக் காதாகும். சட்டைக்கை பென்சில் பையாகும். படுக்கை விரிப்பு என்றால் நடுவில் நைந்திருக்கும், ஓரம் கெட்டியாக இருக்கும். ஓரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு நடுவைப் பொம்மைக்குள் திணிப்போம். நேற்று விற்ற யானையின் வயிற்றில் எவனோ உருண்டு புரண்ட விரிப்பு இருக்கிறது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை தூங்கப்போகிறது. யோசித்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

சாப்பிடும்போது அண்ணன் அறைப் பேச்சை எடுத்தான். தண்ணீர்க் கேன் போடுகிறவர் பின்னறையை வாடகைக்குக் கேட்கிறாராம். தட்டைப் பார்த்துக்கொண்டே அண்ணியிடம் சொன்னான்: "மார்ச் முடியறதுக்குள்ள ஏதாவது ஒரு கடை உன்கிட்ட நிரந்தரமா வாங்க ஆரம்பிச்சா அந்த அறை உனக்கு. இல்லேன்னா நீ பழையபடி ஃபேக்டரிக்குப் போயிடு."

அண்ணி எழுந்தாள். கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

ஃபேக்டரியில் ஏழு வருஷம் இருந்தாள். காலர் லைன். என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "ஒரு முழுச்சட்டையை நான் பாத்ததே இல்ல தம்பி. கழுத்துதான். ஆளில்லாத கழுத்தா வந்துகிட்டே இருக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதன் பிறகு அன்றைக்கு முழுக்க முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பிப்ரவரி 12, புதன்

குழந்தைகள் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா வந்தாள். கடையில் எந்நேரமும் வாசனை மெழுகுவத்தி எரியுமாம். ஆள் வருவதற்கு முன்னால் அந்த வாசம் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. மெழுகுவத்தி என்று பேர் வைத்துவிட்டேன்.

நீலக் கோட்டுக் கவுனை எடுத்தாள். சட்டையின் பையை அப்படியே நெஞ்சில் விட்டுத் தைத்திருந்தாள் அண்ணி. மெழுகுவத்தி அந்தப் பைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து உருகினாள். எவ்வளவு உண்மையா இருக்கு, எவ்வளவு உண்மையா இருக்கு என்றாள். அதே பைக்குள் என்ன இருந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. அண்ணி முறைத்தாள். விழுங்கிவிட்டேன்.

முப்பது வேண்டுமாம். பிடித்துப்போனால் மாதாமாதம். அண்ணியின் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். அப்புறம் மெழுகுவத்தி சொன்னாள்: "முப்பதும் இதே மாதிரி."

ஒரு சட்டையில் ஒரு கவுன்தான் வரும், இதே சட்டை இன்னொன்று உலகத்தில் எங்கே கிடக்கிறதோ என்று அண்ணி விளக்கினாள். மெழுகுவத்தி தலையைத் தலையை ஆட்டினாள். "அதுக்கு நான் ஒரு வழி பண்றேன்" என்று எழுந்தாள்.

போன பிறகும் அரை நாள் நாறியது.

பிப்ரவரி 17, திங்கள்

வழி வந்துவிட்டது. உருளையாக வந்திருக்கிறது.

புத்தம்புதுத் துணி. மில்லில் சுற்றிய காகிதக் குழல்கூட இன்னும் உள்ளே இருக்கிறது. ஆனால் பார்த்தால் பழசு. வெளுத்துப்போன மாதிரி நீலக் கோடு அச்சடித்திருக்கிறான். அங்கங்கே ஒட்டுப் போட்ட மாதிரியும் அச்சு. தடவிப் பார்த்தால் ஒட்டு இல்லை. கூடவே ஒரு கட்டுச் சீட்டு, ஒவ்வொரு கவுனிலும் கட்டித் தொங்கவிட. அதில்: "ஒரு காலத்தில் நான் யாரோ ஒருவரின் சட்டையாக இருந்தேன்."

முதலில் சிரித்தேன். பிறகு குமட்டியது. பல்லைத் தொட்டபோதுகூட இப்படி வரவில்லை.

அண்ணி துணியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அண்ணி, இது பச்சைப்பொய்."

"தெரியுது."

"நாமளா தைக்கப்போறோம்?"

"தம்பி, அந்தக் காலர் லைன்ல ஒரே ஒரு நாள் உக்காந்துட்டு வா. வந்து எனக்கு உண்மையைப் பத்தி வகுப்பெடு."

சீட்டுக் கட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். இருந்த ஒரு படிப்பையும் முடிக்காதவன் வேறென்ன பேசுவது.

பிப்ரவரி 19, புதன்

வெட்கமில்லாமல் எழுதுகிறேன். இந்த வேலை சுகமாக இருக்கிறது. துழாவ வேண்டாம், முகர வேண்டாம், தொட்டிப் பக்கமே போக வேண்டாம். உருளையிலிருந்து இழுத்து, மடித்து, மேசையில் அடுக்கினேன். அண்ணி அளவுத் தாளை வைத்தாள், கோடு போட்டாள், வெட்டினாள். கத்தரி வெண்ணெயில் போவது மாதிரி போனது.

கை மணக்கிறது. என் கையா இது.

பிப்ரவரி 23

கவுன் கவுனாக வந்து விழுகிறது. ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. இத்தனை நாளும் அண்ணி ஒவ்வொன்றை முடித்ததும் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள். இதில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. தைக்கிறாள், தள்ளுகிறாள்.

மார்ச் 1, சனி

கொண்டுபோய்க் கொடுத்தோம். சீட்டுக் கட்டியது நான். முப்பது முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கும், யாருடைய சட்டைடா, மில்காரன் சட்டையா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே கட்டினேன்.

மெழுகுவத்திக்குப் பரம திருப்தி. அண்ணன் பின்னறைக்குப் புது விளக்கு வாங்கி வந்து, தானே ஸ்டூல் மேல் ஏறி மாட்டினான். மாட்டிவிட்டு, தன் காசில் கோயில் கட்டியவன் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றான். அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சந்தோஷம் வந்தது. அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

கவுனெல்லாம் சுருங்கிப்போச்சாம்.

மெழுகுவத்தி போன் பண்ணினாள். வாங்கிக்கொண்டு போனவர்கள் ஒரு தடவை துவைத்திருக்கிறார்கள், நீளம் ஒரு சாண் போய்விட்டது, கை நுழையவில்லை, வரிசையாகத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அண்ணி போனை வைத்துவிட்டு மேசையையே பார்த்தாள்.

"நனைச்சுத்தானே குடுத்தே?"

எனக்குப் புரியவே இல்லை. "எதை?"

"துணியை, தம்பி. உருளையை. தொட்டியில ஒரு ராத்திரி ஊறவெச்சு, காயவெச்சுத்தானே மேசைக்குக் கொண்டுவந்தே?"

"அது புதுசு அண்ணி. அழுக்கே இல்லையே."

புதுத்துணியை நனைக்காமல் வெட்டினால் அப்புறம் சுருங்கும் என்று இந்த வயசு வரை எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நான் தொட்டதெல்லாம் பத்து வருஷம் அடிச்சுத் துவைச்ச துணி. தொட்டின்னா அழுக்குக்குத்தான்னு நெனச்சேன். அவளுக்குத் தெரியும். ஆனா அவ மேசைக்கு வர்ற துணி எதுவும் என் தொட்டியில முங்காம வந்ததே இல்ல. அதனால கேக்கல. நானும் சொல்லல. ரெண்டு பேரும் அவங்கவங்க பாட்டுக்கு வேலை பாத்திருக்கோம்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. பிரிக்காத மூட்டை மேல் உட்கார்ந்து, "சோம்பேறித்தனம்னு நெனச்சேன், இல்லையே, பாவம், உனக்குத் தெரியல" என்றாள். பாவமாம். தூ. என் மூஞ்சியை எனக்கே கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் அண்ணியும் நானும் கடைக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டு, திரும்பி வந்ததை எடுத்துக்கொண்டு, வேறு தைத்துத் தருகிறோம் என்று சொல்ல. ஏழெட்டு மெழுகுவத்தி எரிகிறது. மூச்சு விட்டால் பழவாசனை, விடாவிட்டால் பூவாசனை.

மெழுகுவத்தி கோபமாகவே இல்லை. எங்களை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், இதைத் தானே சமாளித்துக்கொள்வதாக. அடுத்த உருளை நாளைக்கு வருகிறது, அதை மட்டும் நனைத்துத் தைத்துவிடச் சொன்னாள். அண்ணி விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அவ்வளவுதான் விஷயம். ஆர்டர் போகவில்லை, அறை போகவில்லை, காலர் இல்லை. வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தால் போதும்.

அப்போது மஞ்சள் குடையோடு ஒரு அம்மா உள்ளே வந்தாள். கையில் எங்கள் கவுன். பொம்மைக்குத் தைத்தது மாதிரி இருந்தது. கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒரு தடவை நனைத்ததற்கே இப்படியா, பிள்ளைக்குப் போட்டால் தொப்புள் தெரிகிறது என்று அவள் கேட்டாள். சண்டையாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

மெழுகுவத்தி சீட்டைத் தொட்டுக் காட்டினாள். "பழைய துணிம்மா இது. எத்தனை பேர் போட்டதோ, எங்க கிடந்ததோ. உயிர் போன துணி. அது சுருங்கத்தான் செய்யும். நாமதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்." சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்து, "இவங்கதான் தைக்கிறவங்க, இவங்களுக்குத் தெரியும், கேளுங்க" என்றாள்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. நான் யார், எதைப் பார்த்தாலும் நாக்கு நிற்காதவன். வாத்தியாரிடம் நிற்காமல்தான் கல்லூரியே போனது. ஆனால் சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அறை, அறை, அறை என்று சொல்லிக்கொண்டேன்.

அண்ணி அந்தக் கவுனைக் கையில் வாங்கினாள். திருப்பினாள். வெள்ளையான அடிப்பக்கத்தை அந்த அம்மாவுக்குக் காட்டினாள்.

"பழைய துணி சுருங்காதும்மா. அது சுருங்க வேண்டியதெல்லாம் எப்பவோ சுருங்கி முடிச்சிருக்கும். இது புதுசு. நாங்கதான் நனைக்காமத் தைச்சுட்டோம்."

நாங்கதான் என்றாள். இவன்தான் என்று சொல்லவில்லை.

மெழுகுவத்தி சிரித்த முகம் மாறாமல் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

தெருமுனை வரை அண்ணி விறுவிறுவென்று நடந்தாள். அப்புறம், "வாயே திறக்கலையே நீ. உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

மார்ச் 13

அண்ணன் கத்தினான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் என்றான். நான்தான் நனைக்கவில்லை என்று சொன்னேன். உன்னை யாருடா கேட்டா என்றான். அண்ணி அவனுக்குச் சோறு போட்டாள், எனக்குப் போட்டாள், தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 20, வியாழன்

திரும்பி வந்த கவுன்களும் விற்காத கவுன்களும் திங்களன்று ஒரே சாக்கில் வந்து சேர்ந்தன. வாசலில் போட்டுவிட்டு ஆள் போய்விட்டான். சாக்கைப் பிரித்தேன். அந்தப் பழவாசனை. நாயையும் சிகரெட்டையும் ஒரே நாளில் போக்கியவன் நான், இது மூன்று நாள் ஊறியும் போக மாட்டேன் என்கிறது. இந்தத் தொட்டியில் விழுந்ததிலேயே கேவலமான நாற்றம் இதுதான்.

ஏப்ரல் 2, புதன்

பின்னறையில் தண்ணீர்க் கேன். கூரை வரைக்கும். வெட்டும் மேசையைக் குறுக்கே நிறுத்திச் சுவரோடு சாய்த்திருக்கிறது. இருந்த இரண்டு மெஷினில் ஒன்றுக்கு மட்டும் நடையில் இடம் கிடைத்தது, கழிவறைக்கு எதிரே. இன்னொரு மெஷின் கட்டிலுக்கடியில்.

அண்ணி காலையில் ஃபேக்டரிக்குப் போனாள். காலர் லைன்தான். வேறு லைனில் இடமில்லையாம். போகும்போது எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாகப் போனாள், பஸ் போய்விடும் என்பது மாதிரி. பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.

அந்தச் சாக்கில் வந்த கவுன்களின் தையலை முழுக்கப் பிரித்தேன். வேறென்ன செய்ய. நடையில் உட்கார்ந்து, அண்ணன் கழிவறைக்குப் போகும்போதெல்லாம் காலை மடக்கி வழிவிட்டு.

ஏப்ரல் 6, ஞாயிறு

மஞ்சள் குடை வீட்டுக்கே வந்துவிட்டாள். எப்படியோ விசாரித்திருக்கிறாள். கையில் ஒரு பை, பக்கத்தில் பிள்ளை.

பையில் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன துணியெல்லாம். அதுகளை வைத்து, பிறக்கப்போகிற அடுத்ததுக்கு ஒரு போர்வையும் இரண்டு சட்டையும் வேணுமாம். தங்கச்சியோ தம்பியோ, அக்காவோட துணியிலேயே சுத்தணும் என்றாள். அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள், ஒருநாள் லீவு. எழுப்பவில்லை. நானே வாங்கிக்கொண்டேன். அன்னைக்குக் கடையில நின்னீங்களே, பேசாம, நீங்களும் தைப்பீங்களா என்று கேட்டாள். தைப்பேன் என்று சொல்லிவிட்டேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அளவு எடுக்கப்போனேன், அண்ணி செய்வது மாதிரி. எடுக்க வேண்டியது இன்னும் பிறக்கவே இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. நின்றிருந்த பிள்ளை நாடாவைக் கடித்துவிட்டது. என் கட்டைவிரலையும் சேர்த்து.

பையைத் திறந்தேன். கக்கின பால், புளித்து, காய்ந்து, அடுக்கடுக்காக. ஐந்து சட்டையில் ஒன்றுகூடத் துவைக்கவில்லை. சொந்தப் பிள்ளை கக்கினது யாருக்கும் நாறாது போல.

ஏப்ரல் 13, ஞாயிறு

மஞ்சள் குடை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். மூன்று பை வந்திருக்கிறது, நடையில் நிற்க இடமில்லை. அன்றைக்குக் கடையில் இருந்த இன்னொருத்தி தன் அப்பாவின் சட்டைகளைக் கொண்டுவந்து அவருடைய பேத்திக்குக் கவுன் கேட்டாள். பைகளைத் துழாவினேன். ஒரு பஸ் டிக்கெட், கொஞ்சம் மண்.

முதல் கவுனை நானே முழுசாகத் தைத்துவிட்டேன். பின்னறை இருந்த காலத்தில் மெஷினைத் தொட்டால் அண்ணி கையை உடைப்பாள். இப்போது யார் இருக்கிறார்கள் உடைக்க. கை சேர்க்கும் இடத்தில் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

அண்ணி குளித்துவிட்டு வந்தாள். கொடியில் கிடந்த கவுனை எடுத்தாள். வெளிப்பக்கம் பார்க்கவே இல்லை. திருப்பி, உள்தையலை விரலால் ஓட்டிக்கொண்டே போனாள். அக்குளில் நின்றாள்.

"அசிங்கமா இருக்கு."

"தெரியாதுண்ணி, போட்டா."

"போடற குழந்தைக்குத் தெரியும். உறுத்தும். பிரி."

பிரித்தேன். படுக்கப் போவாள் என்று பார்த்தால், எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தது. கடைசி நூலை இழுக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் "தள்ளு" என்றாள். நான் நகர, அவள் மெஷினில் உட்கார்ந்தாள்.

இழுப்பு இல்லாமல் கை உட்கார்ந்தது. தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

அண்ணி இன்றைக்கு ஃபேக்டரிக்குப் போகவில்லை. லீவா என்று நான் கேட்கவில்லை. பஸ் போன சத்தம் கேட்டது. அவள் பித்தான் டப்பாவைத் தரையில் கொட்டி நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நடை நிறையக் கிடந்த பைகளைப் பார்த்துவிட்டு அண்ணனும் கேட்கவில்லை. அவன் கட்டிலுக்கடியிலிருந்து இரண்டாவது மெஷினை இழுத்தான். அளவு நாடாவை வைத்து நடையை அளந்தான். நின்று அளந்தான், குந்தி அளந்தான். ஒரு முழம் குறைகிறதாம். கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பதுதான் பிரச்சினையாம். கதவையே கழற்றிவிட்டால் இரண்டு மெஷினும் உட்காருமாம். அதற்குப் பதில் ஒரு திரை போட்டுக்கொள்ளலாம், மூட்டையில கனமான துணி ஏதாவது இருக்கா பாருடா என்கிறான், வெட்கமே இல்லாமல்.

கேவலமான குடும்பம்.

ஒரு பழைய கம்பளி கிடைத்தது. நாய் படுத்தது. துவைத்துப் போட்டிருக்கிறேன், காயணும். இரண்டு மடிப்பாகத் தைக்க வேண்டும், ஒற்றை மடிப்பில் நாற்றம் நிற்காது. அண்ணனை எனக்குத் தெரியும்.